பெட்டி கட்டுமுன் அந்தச் சபையைக் கேளுங்கள்

வருகிற ஆண்டிறுதி விடுமுறையில் சுங்கை பட்டாணி வாலிபர் கூட்டம் ஒன்று இலங்கை மலையகத்துக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் புறப்படுகிறது. பதினாறு பேர். டி-சட்டைக்கு அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது. "டீச்சர், நீங்க மூணு தடவை போயிட்டு வந்தவங்க, எங்களுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் அவர்களோடு உட்கார்ந்து பேசினேன். எழுந்து போகும்போது, "இதையெல்லாம் எழுதிக் கொடுங்க" என்றார்கள். அவர்களைப் போலவே கிளம்பத் தயாராகும் மற்ற சபைகளுக்கும், தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவில் நம் கெடா பக்கம் வர நினைக்கும் குழுக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள். பெண்டாங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் மரம் சீவியவர்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வெளியூரிலிருந்து ஒரு வேன் வந்தது. காலையில் ஆள் எண்ணும் பிரட்டு நடக்கும் திடலில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம், ஒரு பழைய சட்டை. வாங்கும்போது படம் எடுத்தார்கள். எனக்குக் கிடைத்த சட்டையின் அக்குள் கிழிந்திருந்தது. அம்மாவுக்குத் தைக்கத் தெரியும். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் ரவிக்கை தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டையை மட்டும் அவர் தைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பால் வாளி துடைக்கும் துணியோடு சேர்த்து வைத்துவிட்டார்.

2016 டிசம்பரில், எங்கள் முதல் பயணத்தில், மலையகத்தின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் கம்பளிச் சட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வயதுள்ள ஒருவர் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற தம்பி கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தான். அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது என்னவென்று அங்கே நின்ற பதினான்கு பேரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அன்றிரவு நான் தூங்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்த இரவிலிருந்து தொடங்குகிறது.

முதலில் ஒரு கேள்வி. உங்களை யார் அழைத்தார்கள்? "எங்களுக்குப் பாரம் வந்தது, போகிறோம்" என்பது உங்கள் பக்கத்துக் காரியம். அங்கே ஒரு சபை இருக்கிறது, ஒரு போதகர் இருக்கிறார், மழையிலும் பனியிலும் அந்த லயங்களுக்கு ஏறி இறங்குகிற மூப்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள், "இந்த மாதம், இந்தக் காரியத்துக்கு, இத்தனை பேர் வாருங்கள்" என்று கேட்டிருக்கிறார்களா? அல்லது நீங்கள் தேதியைக் குறித்து, நிகழ்ச்சி நிரலை எழுதி அனுப்ப, அவர்கள் மரியாதைக்குச் சரி என்றார்களா? எங்கள் 2016 பயணத்தில் நடந்தது இரண்டாவது. பத்து நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தோம். போதகர் ஒரு வரிகூட மாற்றவில்லை. அதை நாங்கள் ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டோம். விருந்தாளிக்கு மறுப்புச் சொல்லத் தெரியாத வீடு அது என்பது போன பிறகுதான் புரிந்தது. ஆகவே உங்கள் முதல் கடிதத்தில் நிரல் இருக்கக் கூடாது. "நாங்கள் இன்னார், எங்களுக்கு இன்னது தெரியும், உங்களுக்கு எது பயன்படும்? வராமல் இருப்பது நல்லதென்றால் அதையும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகலாம். காத்திருங்கள்.

அடுத்தது அனுமதி. சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வது பல ஆண்டுகளாக நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. நாங்களும் முதல் முறை சரியாக விசாரிக்காமல் அப்படித்தான் போனோம். அது தவறு. பிடிபட்டால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் விசாரணைக்கு வருகிறவர்கள் உங்களை வரவேற்ற போதகரின் வாசலில் வந்து நிற்பார்கள். நீங்கள் வீடு திரும்பிய பிறகும் அவர் பெயர் அந்தக் கோப்பில் இருக்கும். இலங்கைக்குப் போகிறவர்கள் அங்குள்ள சபைத் தலைமையகம் வழியாக, எந்த அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியாவுக்கு வருகிறவர்களுக்கும் இதே சொல். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 30 நாள் விசா இல்லாமல் இங்கே வர முடிகிறது. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இந்தச் சலுகை சுற்றிப் பார்க்கவும் உறவினரைக் காணவும் உள்ளது. சமய ஊழியத்துக்கு வருகிறவர்களுக்குக் குடிநுழைவுத் துறையில் தொழில்முறை வருகை அனுமதி என்று தனியே ஒன்று உண்டு. அதற்கு உள்ளூர்ச் சபைதான் முன்னின்று விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கூட்டரசு அரசமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. கெடாவில் அதற்கென 1988-இல் இயற்றிய சட்டமும் இருக்கிறது. ஆர்வத்தோடு வந்த ஓர் இளைஞர் பெண்டாங் இரவுச் சந்தையில் துண்டுப் பிரசுரங்களை எல்லாருக்கும் நீட்டியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஓடிப்போய் வாங்கிப் பையில் போட்டேன். வயல் சூழ்ந்த எங்கள் இந்தச் சிறிய ஊரில் மலாய்க்காரர்களும் சயாமியர்களும் சீனர்களும் நாமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். அந்த இளைஞர் மறுநாள் விமானம் ஏறிவிட்டார். அடுத்த வாரமும் அதே சந்தைக்குப் போக வேண்டியவர்கள் நாங்கள்.

பிள்ளைகள் காரியத்தில் இன்னும் கவனம் வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தீர்மானிப்பார்கள் என்று அதே அரசமைப்பின் 12(4) பிரிவு சொல்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளி என்று பலூனும் இனிப்பும் காட்டித் தாமான் குடியிருப்பில் விளையாடும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவது பெற்றோரின் நம்பிக்கையை உடைக்கும் வேலை. வீட்டுக்குப் போய், அப்பா அம்மா முகத்தைப் பார்த்து, என்ன பாடுவோம், என்ன கதை சொல்வோம் என்று சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள். எந்தப் பிள்ளையோடும் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும். படம் எடுக்குமுன் கேளுங்கள். பெயரோடும் ஊரோடும் பிள்ளை முகத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். வறுமையைக் காட்டும் படம் நன்கொடை திரட்ட உதவும் என்று சிலர் சொல்வார்கள். பிஸ்கட் பொட்டலத்தோடு நான் நின்ற அந்தப் படம் எந்த ஊரில், யார் வீட்டு அலமாரியில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டாகியும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

இப்போது நேரத்தைப் பற்றி. இதில்தான் வெளியூர்க் குழுவினர் அதிகம் தவறுகிறார்கள். தவறு நடந்ததே அவர்களுக்குத் தெரியாமலும் போகிறது.

கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். எங்கள் சபையின் பெரிய ஆராதனை வெள்ளிக்கிழமை காலையில்தான் நடக்கிறது. ஒரு முறை தமிழ்நாட்டிலிருந்து வந்த குழு, "ஞாயிறு காலை பத்து மணிக்கு விசேஷ ஆராதனை" என்று சுவரொட்டியே அடித்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் பதினோரு பேர், எல்லாரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள், அவர்களின் பெற்றோர் வேலையில் இருந்தார்கள். குழுவினர் எங்கள் ஊரில் எழுப்புதல் இல்லையென்று வருந்தி ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

ரப்பர் இருந்த நாளிலும் இதே கதைதான். மரம் சீவுகிறவர் விடியுமுன் நிரைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. மழை பெய்தால் சீவ முடியாது, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. இரவு பதினொரு மணிவரை கூட்டம் வைத்தால் மூன்றாவது நாளே அவர் வரமாட்டார். அவர் விசுவாசத்தில் குளிர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குத் தூக்கம் வேண்டும். இன்றைக்கு அந்தத் தோட்டங்கள் பலவற்றில் செம்பனைதான் நிற்கிறது, குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டார்கள். 1996-இல் திறந்த கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்ட் பார்க்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கிறவனுக்கு ஆராதனை எந்த நேரத்தில்? இதைத் தீர்க்க உதவுகிற குழு வந்தால் கும்பிட்டு வரவேற்போம். ஆனால் வருகிறவர்கள் இன்னும், "லயத்து வீட்டைக் காட்டுங்கள், தோட்டத்தைக் காட்டுங்கள்" என்றுதான் கேட்கிறார்கள்.

மலையகத்தில் நாங்கள் செய்தது இதைவிடப் பெரிய பிழை. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் கூட்டம் வைத்தோம். நாற்பது பேர் வந்தார்கள். நாங்கள் மகிழ்ந்து போனோம். அங்கே ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். நாங்கள் போன தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர். குறைந்தால் 'அரைப்பேர்', பாதிச் சம்பளம். 2016 அக்டோபரில் வந்த சம்பள ஒப்பந்தப்படி எல்லாப் படிகளும் சேர்ந்தால் ஒரு நாளுக்கு 730 ரூபாய். அப்போதைய மாற்று விலையில் 22 மலேசிய வெள்ளி அளவு. எங்கள் கூட்டத்துக்காக மதியக் கொழுந்தை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அன்று அரைப்பேர்தான் விழுந்தது. எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளையிடம் பேச்சு வாங்கியதையும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னைக்கு எங்களுக்கெல்லாம் அரைப்பேருதானே தங்கச்சி." தோட்டத்தில் பிறந்த நானே கேட்காமல் விட்டேன். பள்ளியில் முப்பது ஆண்டு வேலை பார்த்ததில் அந்தக் கணக்கு எனக்கு மறந்துபோயிருந்தது. நீங்கள் முன்கூட்டியே கேளுங்கள்: இந்த நேரத்துக்கு வந்தால் உங்களுக்கு என்ன நட்டம்?

மொழி ஒன்றுதானே என்ற தைரியமும் வேண்டாம். நாம் "பசியாறியாச்சா?" என்று காலைச் சாப்பாட்டைக் கேட்போம்; அங்கே அந்தச் சொல்லுக்குப் புருவம் உயர்த்துவார்கள். நாம் வெள்ளி என்றால் பணம், அவர்களுக்குக் கிழமை. வாசல் திண்ணையை இஸ்தோப்பு என்பார்கள், வீட்டு அறையைக் காம்பரா என்பார்கள். முதல் இரண்டு நாள் பேச்சைக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும். பிரசங்கத்தை முதல் நாளே வைக்காதீர்கள். எங்கள் இரண்டாவது பயணத்தில் ஐந்தாம் நாள்வரை ஒருவரும் மேடை ஏறவில்லை.

பொருள் கொடுப்பதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பழைய துணி கொண்டுபோகாதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பணத்துக்கு வருகிறேன். 2016-இல் ஆளுக்கு 2,600 வெள்ளி செலவானது. பதினான்கு பேருக்கு 36,400. கடைசி இரவு, உறையில் போட்டுப் போதகர் கையில் நாங்கள் கொடுத்தது 2,000. அந்தச் சபைக் கட்டடத்தின் கூரைத் தகரம் இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. பத்து நாளும் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். எங்களில் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உங்கள் குழு பதினாறு பேர் என்றீர்கள். ஐந்து பேராகப் போங்கள். மற்ற பதினொரு பேரின் செலவில் பாதியையாவது அங்குள்ள சபைக் கணக்கில் போடுங்கள். எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்களின் சபைக் கமிட்டி தீர்மானிக்கட்டும், பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியாள் கையில், இரக்கப்பட்டு, ஒருவருக்கும் தெரியாமல் பணம் திணிக்காதீர்கள். அடுத்த லயத்தில் மனஸ்தாபம் வந்து, அதை ஆற்றப் போதகருக்கு ஆறு மாதம் ஆகும். போகாத பதினொரு பேர் வருந்துவார்கள், தெரியும். அவர்களுக்கும் வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மருத்துவ முகாம் நடத்த நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டுக்குப் போனாலும், அந்நாட்டில் பதிவு செய்யாத மருத்துவர் மருந்து எழுதக் கூடாது. நம் நாட்டில் 1971 மருத்துவச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைத் திரட்டிக்கொண்டு போவது ஆபத்து. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, எண்ணைத் தாளில் எழுதி, தோட்ட மருந்தகத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிக்கொண்டு போனால் போதும். பஸ் கட்டணம் நீங்கள் கொடுங்கள்.

நீங்கள் போகும் லயத்தில் ஒரு வீட்டில் கிறிஸ்தவர், அடுத்த வீட்டில் அவருடைய அண்ணன் மாரியம்மன் கோயில் தலைவர். பெண்டாங்கிலும் அப்படித்தான். திருவிழாவுக்கு அண்ணன் வீட்டில் சோறு, கிறிஸ்துமஸுக்குத் தம்பி வீட்டில் பலகாரம். அந்த உறவு பல தலைமுறை பார்த்தது. மேடையில் ஏறி அண்ணனின் சாமியைப் பழித்துப் பேசினால் உடைவது அந்த வீடு. உங்கள் விசுவாசத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள், அதற்குத்தான் போகிறீர்கள். அடுத்தவர் கும்பிடுவதை இழிவாகப் பேசாமலே அதைச் சொல்ல முடியும்.

குடியைப் பற்றிப் பிரசங்கிக்காத குழு இல்லை. தோட்டத்து மக்களுக்குக் குடி கெடுதல் என்று தெரியாதது போலப் பேசுவார்கள். 1947-இல் இதே கெடாவில், பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத் தொழிலாளர்களே கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். போலீஸோடு மோதல் வந்து உயிர்ப்பலியும் ஆனது. கள்ளில் மட்டுமல்ல, நிலத்திலும் அப்படித்தான்: தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்தபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி அதில் பங்கு சேர்த்தவர்கள் இதே மரம் சீவிய கைகள்தான். அவர்கள் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். நீங்கள் போகும் எந்த ஊருக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கும். போகுமுன் அதைப் படியுங்கள். மலையகத்துக்குப் போகிறவர்கள் 1948 குடியுரிமைச் சட்டத்தைப் பற்றியும் 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது. அந்த ஒப்பந்தத்தால் ஒருவர் இந்தியாவிலும் ஒருவர் இலங்கையிலுமாகப் பிரிந்துபோன அக்கா தங்கையின் கதை ஏதாவது ஒரு காம்பராவில் உங்கள் காதில் விழும். அப்போது நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

நாம் ஏதோ கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தை ஒரு பழைய செய்தி எனக்குத் தணித்தது. திருநெல்வேலிக்காரர் வி. எஸ். அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தமிழ்நாட்டுக்கே ஊழியர்களை அனுப்பி வைத்திருந்ததைப் பார்த்தார். நம் ஊரில் இத்தனை பெரிய சபை இருந்தும் இது தோன்றவில்லையே என்ற வருத்தத்தோடு திரும்பினார். மறு ஆண்டே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. மலாயாவில் தமிழ் மெதடிஸ்ட் சபைகளின் தொடக்க நாட்களில் உழைத்தவர்களிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த போதகர்கள் உண்டு. நாம் இலங்கைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே இலங்கை நமக்குக் கொண்டுவந்தது. அதே அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகள் முன்னால் எழுந்து, நீங்கள் செய்த தியாகங்களுக்கு நன்றி, எங்களுக்கு இப்போது வேண்டியது உங்கள் நட்பு என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சு அன்றைக்குப் பலருக்குக் கசந்தது. வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னது என்று நாம் அதை ஒதுக்கிவிட முடியாது. கையில் பணத்தோடும் கடப்பிதழோடும் இன்னொரு தமிழன் வீட்டுக்குள் நுழையும் நமக்கும் அது சேரும்.

திரும்பி வந்ததும் அறிக்கை எழுதுவீர்கள். எத்தனை பேர் கையுயர்த்தினார்கள் என்று எண்ணாதீர்கள். நாங்கள் 63 என்று எழுதினோம். சபையில் கைதட்டினார்கள். பின்னொரு நாள் அந்தப் போதகரிடம் கேட்டேன். அவர் சங்கடத்தோடு, "பெரும்பாலும் நம்ம சபைப் பிள்ளைகள்தான் அம்மா, நீங்க கேட்டீங்க, தூக்கினாங்க" என்றார். அந்த எண்ணை எழுதியது நான். பொய் என்று தெரிந்து எழுதவில்லை, விசாரிக்காமல் எழுதினேன். சபை முன்னால் அதைத் திருத்திச் சொன்னேன். உங்கள் அறிக்கையை அச்சுக்குக் கொடுக்குமுன் அங்குள்ள போதகருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகு வெளியிடுங்கள்.

2018-இல் நாங்கள் நால்வர் மட்டும் போனோம். ஞாயிறுபள்ளி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி வேண்டும் என்று அவர்களே கேட்டிருந்தார்கள். எங்களில் மூவர் ஆசிரியர்கள். நிகழ்ச்சி அவ்வளவுதான். மிச்ச நேரம் வீடுகளில் உட்கார்ந்தோம், தேத்தண்ணி குடித்தோம், கேட்டோம். தொலைபேசி எண்கள் வாங்கினோம். போகாத பதினொரு பேருக்கு வேலை உண்டு என்றேனே, அது இங்கேதான் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் சபையில் பன்னிரண்டு குடும்பங்கள் அங்குள்ள பன்னிரண்டு குடும்பங்களோடு மாதம் ஒரு முறை பேசத் தொடங்கின. போனவர்களைவிடப் போகாதவர்களே அதை ஒழுங்காகச் செய்தார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் குண்டு வெடித்தபோது, நாங்கள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன்னோடு பேசிவந்த அங்குள்ள குடும்பத்தைக் கூப்பிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் போவதாக இருந்தோம். "இப்போ வெளிநாட்டு ஆட்கள் வந்தா எங்களுக்குக் கஷ்டம், வராதீங்க" என்று போதகர் சொன்னார். பயணத்தை நிறுத்தினோம். முதல் முறை மறுப்புச் சொல்லத் தெரியாதவர் இப்போது உரிமையோடு வராதே என்றார். எனக்கு அது பெரிய காரியம்.

பிறகு கொரோனா. 2022-இல் இலங்கையில் எரிபொருளும் சமையல் எரிவாயுவும் பால்மாவும் கிடைக்காமல் போனபோது, எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கடையில் கடன் ஏறியிருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருந்தது. சபைக் கணக்கில் பணம் போட்டோம். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை, ஒரு படமும் எடுக்கவில்லை. கமிட்டி பட்டியல் போட்டுப் பிரித்துக் கொடுத்தது. அதில் இந்து வீடுகளும் இருந்தன, அவர்களே சேர்த்திருந்தார்கள். 2016-இல் பதினான்கு பேர் பறந்து போய்ச் செய்ய முடியாததை, பெண்டாங்கில் வீட்டிலிருந்தபடியே செய்தோம்.

சுங்கை பட்டாணிப் பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படின்னா போக வேண்டாமா டீச்சர்?" என்று கேட்டார்கள். போங்கள் என்றேன். 2016-இல் போகாமல் இருந்திருந்தால் 2022-இல் எனக்கு அங்கே ஒருவரையும் தெரிந்திருக்காது. ஐந்து பேராகப் போங்கள். முறையான அனுமதியோடு போங்கள். அழைத்தவர் சொன்ன நேரத்தில், அவர் சொன்ன வேலையைச் செய்யுங்கள். ஒருவருக்குக் கடிதம் போடுவதாகச் சொன்னால் போடுங்கள், முடியாதென்றால் சொல்லாதீர்கள். முதல் பயணத்தில் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் எழுதாமல் இருந்தேன். அவள் தபால்காரரைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனதை அவளுடைய பாட்டி சொல்லி அழுதார். அடுத்த டிசம்பரிலும், அதற்கடுத்த டிசம்பரிலும் அதே ஊருக்குப் போக முடியாது என்றால், இந்த ஆண்டு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, முடிகிற ஆண்டுக்குக் காத்திருங்கள்.

வருகிற ஆண்டு ஹட்டன் சபையிலிருந்து ஞாயிறுபள்ளி ஆசிரியை ஒருவரும் மூப்பர் ஒருவரும் பெண்டாங்குக்கு வருகிறார்கள். இங்கே ஷிப்ட் வேலை பார்க்கும் வீடுகளுக்கு எப்படி ஊழியம் செய்வது என்று எங்களோடு உட்கார்ந்து யோசிக்க நாங்கள்தான் அழைத்தோம். பயணச் செலவு எங்கள் சபையுடையது, அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டோம். என் வீட்டில்தான் தங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆராதனையில் பேசுவார்கள். ஊழியப் பயணத்துக்கு ஆயத்தமாகும் சபைகள் தங்கள் பிள்ளைகளை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் கேள்விகளை இந்த முறை அவர்களிடமே கேளுங்கள்.